தந்தையில்லாப் பிள்ளைக்கென எழுந்த பள்ளி

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கேள்வி கேட்பதற்குச் சிறியது. விடை கூறுவதற்கோ பெரியது. பள்ளி வீட்டிற்கு அருகில் உள்ளதா, கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி எப்படி என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். இவ்விசாரணைகளுக்கெல்லாம் அடியில் வேறொரு வினா கிடக்கிறது. இப்பிள்ளை யாராக வளர வேண்டும் என்று விரும்புகிறோம்? தம் சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை வேரூன்றி நிற்குமா, அன்றி அயலாரோடு பழகத் தெரியாமல் ஒதுங்கி வளருமா? எல்லாரும் பயிலும் பொதுப்பள்ளிக்கு அனுப்பினால் நாட்டிற்கு நல்ல குடிமகன் கிடைப்பானா, அன்றி முன்னோர் வணங்கிய இறைவனை மறந்த ஒருவன் உருவாவானா?

இக்கேள்வியை நம்மைவிட நெடுங்காலமாகவும் நம்மைவிடக் கூர்மையாகவும் கேட்டு வந்தவர்கள் யூத மக்கள். அமெரிக்க நாட்டில் ஒரு யூதத் தாயும் தந்தையும் தம் குழந்தையைத் தனியார் யூதத் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பதா என்று எண்ணும்போது, ஈராயிரம் ஆண்டுகால உரையாடல் ஒன்றில் அவர்களும் கலந்துகொள்கிறார்கள். அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். அதன் நடுவே கத்தோலிக்கக் கன்னியர் சிலரும் நிற்பதைக் காண்போம்.

நான்கு படிகள்

இறைக்கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமையை இணைச்சட்ட நூல் தந்தையின் தோளில் ஏற்றிற்று. ஆதியில் வீடே பள்ளி, தந்தையே ஆசிரியர். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்ததைத் தால்மூத் நூல் ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கிறது. தந்தை உள்ள பிள்ளை கற்றது. தந்தையில்லாத பிள்ளை கல்லாமல் நின்றது. ஆகவே எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அப்போதும் தந்தை உள்ள பிள்ளையே எருசலேமுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அநாதைப் பிள்ளை ஊரிலேயே தங்கிற்று. அடுத்து, மாவட்டந்தோறும் ஆசிரியர்களை நியமித்துப் பதினாறு, பதினேழு வயது இளைஞர்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கடிந்துகொண்டால் அவ்வயதினர் முறைத்துக்கொண்டு வெளியேறிவிட்டனர். இறுதியாக யோசுவா பென் கம்லா என்பவர் வந்தார். ஊர்தோறும் ஆசிரியர் இருக்க வேண்டும், ஆறு அல்லது ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று அவர் ஒழுங்கு செய்தார்.

இவர் யார்? எருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழக் கி.பி. 64-இல், தலைமைக் குருவாக இருந்தவர். செல்வச் சீமாட்டியான அவருடைய மனைவி மார்த்தா பெரும்பொருள் கொடுத்தே அப்பதவியை வாங்கித் தந்தார் என்றும் தால்மூத்தே கூறுகிறது. உரோமைக்கு எதிரான கலகத்தின்போது அவர் கொலையுண்டார். பதவி வந்த வழி எதுவாயினும், அவர் மட்டும் இல்லாதிருந்தால் மறைநூல் கல்வியே இஸ்ரயேலில் மறக்கப்பட்டிருக்கும் என்று பிற்கால இரபிகள் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்தனர். ஆசிரியர் ஒருவருக்கு இருபத்தைந்து மாணவர். நாற்பது ஆனால் துணையாள் ஒருவர். ஐம்பது ஆனால் இரண்டாம் ஆசிரியர் என்று அவர்கள் கணக்கும் வகுத்தனர். இன்றும் எத்தனையோ பள்ளிகள் எட்டாத கணக்கு இது!

இங்கே நாம் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். யூத மரபு தன் பள்ளியின் பிறப்பைச் சொல்லும்போது, அறிவாளிகளை உருவாக்கும் ஆசையை முதற்காரணமாகக் கூறவில்லை. தந்தையில்லாப் பிள்ளை வெளியே நின்றது. அதன் பொருட்டே பள்ளி எழுந்தது என்று கூறுகிறது. இக்கட்டுரையின் இறுதிவரை இப்பிள்ளை நம்மோடு வரட்டும்.

தேனும் தையலும்

ஐரோப்பாவில் யூதர்கள் சிதறி வாழ்ந்த காலத்திலும் பள்ளி அவர்களை விட்டு நீங்கவில்லை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் செருமனி, பிரான்சு நாட்டு யூதரிடையே அழகிய வழக்கம் ஒன்று இருந்தது. பெந்தக்கோஸ்து விழாவன்று சிறுவனை முதன்முறையாக ஆசிரியரிடம் அழைத்துச் செல்வர். எபிரேய எழுத்துகள் எழுதிய பலகையில் தேனைத் தடவி, அதை அவன் நாவால் நக்கச் செய்வர். மறைநூல் இனியது என்பதை அறிவு உணருமுன் நா உணரட்டும் என்பது கருத்து.

18-ஆம் நூற்றாண்டில் காலம் மாறிற்று. யூதருக்கும் குடியுரிமை என்னும் பேச்சு எழுந்தது. 1778-இல் பெர்லின் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கெனக் கட்டணமில்லா யூதப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. எபிரேயத்தோடு செருமன் மொழி, பிரெஞ்சு, கணக்கு, புவியியல் ஆகியவையும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1853-இல் பிராங்க்ஃபர்ட் நகரில் இரபி சாம்சன் இரஃபேல் ஹிர்ஷ் தம் பள்ளியைத் திறந்தார். மறைநூற் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து வாழலாம் என்பது அவர் கொள்கை. இன்றைய முழுநாள் யூதப் பள்ளிகள் பலவற்றிற்கு அவரே வழிகாட்டி எனலாம்.

ஆனால் பெண்பிள்ளைகள்? கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்னும் தையற்காரப் பெண்மணி இருந்தார். பையன்கள் மறைநூலில் மூழ்கியிருக்க, அவர்களுடைய உடன்பிறந்த சகோதரிகள் போலந்து நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்று, யூத மரபைப் பற்றி ஏதும் அறியாதவர்களாய்த் திரும்புவதை அவர் கண்டார். உடலுக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் நாம் உள்ளத்திற்கு என்ன செய்தோம் என்னும் கவலை அவரை வாட்டிற்று. 1917-இல் தம் தையற்கூடத்திலேயே சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கினார். ‘பெய்த் யாக்கோவ்’ என்னும் பெயரில் அப்பள்ளிகள் இன்று பல நாடுகளிலும் உள்ளன. வெளியே நின்ற மற்றொரு பிள்ளைக்கும் கதவு திறந்தது.

அமெரிக்காவில் இரு வழிகள்

இனி அமெரிக்காவிற்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த பொதுப்பள்ளிகள் பெயரளவில் எல்லாருக்கும் உரியவை. உணர்விலோ புரட்டஸ்தாந்து மணம் வீசுபவை. புரட்டஸ்தாந்தாரின் விவிலிய மொழிபெயர்ப்பே அங்கு வாசிக்கப்பட்டது. 1840-இல் நியூயார்க் ஆயர் ஜான் ஹியூஸ், கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பொதுநிதியில் பங்கு வேண்டுமெனப் போராடினார். அப்போது யூதச் சபை ஒன்றும் அதே கோரிக்கையை முன்வைத்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1844-இல் பிலடெல்பியாவில் விவிலிய வாசிப்புப் பற்றிய பூசல் கலவரமாக மூண்டு, கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பேரவை, ஆலயம் உள்ள இடந்தோறும் ஈராண்டுக்குள் பங்குப் பள்ளி எழ வேண்டுமென ஆணையிட்டது.

யூதர்களோ எதிர்த்திசையில் நடந்தனர். அவர்களுடைய சபைகள் நடத்திய முழுநாள் பள்ளிகள் பல 1870-ஆம் ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குச் சென்றனர். சமயக் கல்விக்கு ஞாயிறு வகுப்பு போதும் என்று கருதினர். அத்தகைய ஞாயிறுப் பள்ளியை 1838-இலேயே பிலடெல்பியாவில் இரெபேக்கா கிராட்ஸ் என்னும் அம்மையார் தொடங்கியிருந்தார்.

இதை நம்பிக்கைக் குறைவு என்று நாம் எளிதில் தீர்ப்பிடலாகாது. இரஷ்யப் பேரரசில் யூதப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதே அரிது. அங்கிருந்து தப்பிவந்த தந்தை ஒருவர், செல்சி நகரப் பொதுப்பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாளை அவர் மகள் மேரி ஆன்டின் 1912-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஆங்கிலம் சரியாகப் பேசவராத அத்தந்தைக்கு, கட்டணமின்றித் திறந்திருந்த அக்கதவு ஆலய வாசலைப்போல் தோன்றிற்று. அயலாரின் பிள்ளையோடு தம் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்வதை அவர் அன்பினாலேயே தேர்ந்துகொண்டார்.

ஆயினும் அத்தேர்வுக்கும் விலை இருந்தது. பொதுப்பள்ளிகளில் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 1906 டிசம்பரில் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான யூதப் பிள்ளைகள் வகுப்புக்குச் செல்லாமல் வீட்டில் தங்கினர். என்றாலும் யூதக் கல்வித் தலைவர்கள் தனிப்பள்ளியை விரும்பவில்லை. 1910-இல் நியூயார்க் யூதக் கல்விப் பணியகத்தின் தலைவரான சாம்சன் பெண்டெர்லி, கத்தோலிக்கரைப் போன்ற பங்குப்பள்ளி முறை யூதருக்கு ஆகாது. பொதுப்பள்ளியும் மாலைநேர எபிரேய வகுப்புமே ஏற்றவை என்று வாதிட்டார். 1886-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகளிடையே தொடங்கப்பட்ட ‘எத்ஸ் ஹயீம்’ போன்ற சில பள்ளிகளே மாற்றுவழியில் நின்றன.

ஓரிகன் வழக்கு

இந்நிலையில், 1922 நவம்பர் 7 அன்று ஓரிகன் மாநில மக்கள் வாக்களித்துச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினர். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் பொதுப்பள்ளிக்கே செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 1926 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வரவிருந்தது. கத்தோலிக்கரையும் யூதரையும் கறுப்பினத்தவரையும் ஒருங்கே வெறுத்த கு கிளக்ஸ் கிளான் இயக்கம் அச்சட்டத்திற்குத் துணை நின்றது.

1859-இல் பன்னிருவராக ஓரிகனுக்கு வந்து பள்ளிகளை நிறுவியவர்கள் இயேசு மரியா திருப்பெயர்களின் கன்னியர் சபையார். அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தபோது அவர்களுக்கு ஆதரவாக மனுச்செய்தவர்களுள் ஒருவர் லூயி மார்ஷல். அமெரிக்க யூதக் குழுவின் தலைவர். அந்நாளில் பெரும்பாலான யூதப் பிள்ளைகள் பொதுப்பள்ளிகளில் பயின்றனர். மார்ஷலும் பொதுப்பள்ளியை மதித்தவரே. தம் மக்களுக்கு உடனடி நன்மை ஏதும் இல்லாத ஒன்றுக்காக அவர் எழுந்து நின்றார். கன்னியரின் கதவை அடைக்கும் அரசு நாளை எவர் கதவையும் அடைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1925 ஜூன் 1 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிள்ளை அரசின் உடைமையன்று. அதை வளர்த்து வழிநடத்தும் பெற்றோருக்கே அதன் கல்வியைத் தெரிவுசெய்யும் உரிமையும் கடமையும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அதே வேளையில், பள்ளிகளைப் பார்வையிடவும், நல்ல குடிமக்களுக்கு இன்றியமையாத பாடங்களை வலியுறுத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் அது ஏற்றுக்கொண்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் யூத வெறுப்புக்குப் பேர்போனவர்; உடனிருந்த யூத நீதிபதி பிராண்டைசுடன் பேசவும் விரும்பாதவர். அவர் கையாலேயே யூதப் பள்ளிகளின் உரிமைச் சாசனமும் எழுதப்பட்டது! இறைவன் வளைந்த கோடுகளிலும் நேராக எழுதுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? திருத்தந்தை பதினோராம் பயஸ் 1929 டிசம்பர் 31 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் இத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டியுள்ளார்.

சாம்பலிலிருந்து

உரிமை கிடைத்தவுடன் யூதப் பள்ளிகள் பெருகிவிடவில்லை. 1937-இல் பாஸ்டன் பகுதியில் இரபி யோசேப்பு சோலவைச்சிக் மைமோனிடிஸ் பள்ளியை நிறுவினார். பெண்பிள்ளைகளும் பையன்களோடு தால்மூத் பயில வேண்டுமென்ற துணிவு அவருக்கு இருந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கில் ராமாஸ் பள்ளி தொடங்கிற்று. ஆயினும் 1940-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 35 பள்ளிகளே இருந்தன.

பிறகு வந்தது பேரழிவு. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். நூற்றாண்டுகளாக மறைநூல் ஒலித்த ஊர்கள் ஒலியிழந்தன. அக்கொடுமை நடந்துகொண்டிருந்த 1944-இலேயே, இரபி ஷ்ராகா ஃபைவெல் மெண்ட்லோவிட்ஸ், ஊர்தோறும் முழுநாள் யூதப் பள்ளி நிறுவுவதற்காகத் ‘தோரா உமெசோரா’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஊர்தோறும் ஆசிரியர் வேண்டும் என்ற பழைய குரல் மீண்டும் ஒலித்தது. 1964-க்குள் பள்ளிகளின் எண்ணிக்கை முந்நூறைக் கடந்தது. 1950-ஆம் ஆண்டுகளில் மிதவாதப் பிரிவினரும், 1970 முதல் சீர்திருத்தப் பிரிவினரும் தத்தம் பள்ளிகளைத் தொடங்கினர். 1990-இல் எடுக்கப்பட்ட யூத மக்கள்தொகை ஆய்வு, கலப்புத் திருமணங்கள் பெருகியதைக் காட்டி எல்லாரையும் உலுக்கிற்று. ஞாயிறு வகுப்பால் மட்டும் மரபு நிலைக்காது என்ற எண்ணம் வலுத்தது. 2013-14 கல்வியாண்டில் 861 பள்ளிகளில் ஏறத்தாழ 2,55,000 பிள்ளைகள் பயின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வைதீகப் பிரிவினரே.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளிகள் பலவானபோது தெரிவு எளிதாகவில்லை, கடினமாயிற்று. இன்று ஒரு யூதத் தாயும் தந்தையும் கேட்க வேண்டிய கேள்விகள் பல.

முதலாவது, வீடும் பள்ளியும் ஒத்துப்போகுமா? ஓய்வுநாளைப் புனிதமாகக் கடைப்பிடிக்கும்படி பள்ளியில் கற்றுவரும் குழந்தை, வீட்டில் அந்நாள் மற்ற நாளைப் போலவே கழிவதைக் கண்டால் ஏனென்று கேட்கும். சில குடும்பங்களில் இக்கேள்வியே பெற்றோரைத் திருப்பியழைத்தது. வேறு சிலவற்றில் குழந்தையின் உள்ளத்தைப் பிளந்தது. வீட்டில் இல்லாத நம்பிக்கையைப் பள்ளி கடையில் வாங்கும் பொருளைப்போல் தந்துவிடாது.

இரண்டாவது, நாளின் இரு பாதிகளும் நேர்மையாக நடைபெறுகின்றனவா? மறைநூலுக்கு ஒரு பாதி, பொதுப்பாடங்களுக்கு ஒரு பாதி என்பதே இப்பள்ளிகளின் அமைப்பு. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் ஹசீதியப் பிரிவினரின் சில பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை என்று 2015-இல் முறையீடு எழுந்தது. முறையிட்டவர்களுள் அப்பள்ளிகளில் பயின்றோரும் இருந்தனர். 2022-இல் மாநிலக் கல்வி வாரியம் புதிய விதிமுறைகளை ஏற்றது. பெற்றோரின் உரிமை பிள்ளையின் எதிர்காலத்தை அடைத்துவிடும் உரிமையன்று என்பதை 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பே உணர்த்தியிருந்தது.

மூன்றாவது, அயலாரைப் பிள்ளை எங்கே சந்திக்கும்? பெண்டெர்லியின் கவலையை ஒதுக்கிவிட இயலாது. நல்ல யூதப் பள்ளி பிறரை அஞ்சக் கற்பிக்காது. தன்னை அறியக் கற்பிக்கும். தன் வீட்டை அறிந்த பிள்ளையே விருந்தினரை வரவேற்கும்.

நான்காவது, இங்கு யாருக்கு இடமில்லை? கற்பதில் பின்தங்கிய பிள்ளை, உடற்குறை உள்ள பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை ஆகியோரை அப்பள்ளி எப்படி நடத்துகிறது? இக்கேள்வியைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதில்லை. தம் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும் என்றிருப்பர். ஆனால் பள்ளியின் உண்மையான முகம் இக்கேள்வியில்தான் தெரியும்.

கதவருகே நிற்கும் பிள்ளை

இப்போது நம் பழைய தோழனாகிய அந்தத் தந்தையில்லாப் பிள்ளையை நினைவுகூர்வோம். இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் யூதத் தொடக்கப்பள்ளியின் ஆண்டுக் கட்டணம் 20,000 டாலரைத் தாண்டுகிறது. நியூயார்க் நகரின் சில பள்ளிகளில் அதன் இரு மடங்கிற்கும் மேல். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகை உண்டு, ஆனால் வரவு செலவுக் கணக்கையெல்லாம் விரித்துக்காட்டி அதைக் கேட்டுப் பெறப் பலர் கூசுகின்றனர். அரசு உதவி பெறும் வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1947-க்குப் பின் சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கூடாது என்று வழக்காடியவர்களுள் முன்நின்றவர் லியோ ஃபெஃபர் என்னும் யூத வழக்கறிஞரே. வைதீக யூதர்கள் கத்தோலிக்கரோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்றனர். 2020-லும் 2022-லும் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்புகள், ஒரு மாநிலம் தனியார் பள்ளிகளுக்கு உதவ முன்வந்தால் சமயத்தைக் காரணங்காட்டி எதையும் விலக்கலாகாது என்றன. ஆயினும் கட்டணச் சுமை தீர்ந்தபாடில்லை.

தந்தையில்லாதவனுக்கென எழுந்த பள்ளி, செல்வத் தந்தை உள்ளவனுக்கே எட்டும் பள்ளியாகிவிட்டதோ என்று யூதச் சமூகத்தின் சான்றோரே கவலையோடு கேட்கின்றனர். இது அவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியா? அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 52 இலட்சம் பிள்ளைகள் பயின்றனர். இன்று ஏறத்தாழ 17 இலட்சம் பேரே பயில்கின்றனர். ஊதியமின்றிக் கற்பித்த கன்னியர் குறைந்தனர், கட்டணம் உயர்ந்தது, ஏழை வட்டாரங்களின் பள்ளிகளே முதலில் மூடப்பட்டன. நம் ஊர்களிலும், ஒடுக்கப்பட்டோர்க்கென மறைப்பணியாளர் திறந்த கதவுகளின் முன் இன்று யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒரே அமர்வில், வேறு சில ஏடுகளோடு இவ்விரண்டும் வெளியிடப்பட்டன. ஒன்று, யூத மக்களை உடன்பிறப்பாகக் காணும்படி நம்மை அழைத்தது. மற்றொன்று, கிறிஸ்தவக் கல்வியைப் பற்றியது. பெற்றோரே முதன்மையான ஆசிரியர் என்று அறிக்கையிட்டது. அந்த இரண்டாம் ஏடு, உலகப் பொருளில் ஏழையானோரையும், குடும்பத்தின் துணையும் அன்பும் இழந்தோரையும் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுமென வேண்டுகிறது. தால்மூத் கூறும் தந்தையில்லாப் பிள்ளையும் சங்க ஏடு கூறும் பிள்ளையும் ஒரே பிள்ளைதானே!

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு நல்ல பள்ளியைத் தெரிவுசெய்யுங்கள். அது உங்கள் உரிமை; அவ்வுரிமைக்காகக் கன்னியரும் யூத வழக்கறிஞரும் ஒரே அணியில் நின்றனர். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடும் முன் ஒரு நிமிடம் பள்ளிக் கதவைத் திரும்பிப் பாருங்கள். தனக்காகப் பள்ளி தேட எவருமில்லாத பிள்ளை ஒன்று அங்கே நிற்கக்கூடும். அதையும் உள்ளே அழைக்கும் பள்ளியே உங்கள் பிள்ளைக்கும் நல்ல பள்ளி. அழைக்காத பள்ளியாயின், அதை அழைக்கச் செய்வது அங்கே பிள்ளையைச் சேர்த்த உங்கள் கடமை. அப்பள்ளிகளை நடத்தும் எங்களைப் போன்றோருக்கோ அது இன்னும் பெரிய கடமை.